ஒரே சாலை, இரண்டு மந்தி, இரண்டு அணில்: உடுமலையிலிருந்து இரவிகுளம் வரை

உடுமலைப்பேட்டை வழியாக மூணாறு போய்த் திரும்பியவர்கள் பலர் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "அவ்வளவு பெரிய காடு, ஒரு மானைக்கூடப் பார்க்கலை." வேறு சிலர் சின்னாறு தாண்டுவதற்குள்ளேயே யானைக் கூட்டம், காட்டுமாடு, மயில் என்று செல்போன் நிறையப் படங்களோடு வருவார்கள். இரண்டு பேரும் போனது ஒரே சாலைதான். அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் இந்த 85 கிலோமீட்டர் சொச்சத்தில் எங்கே எது கண்ணில் படும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மழை. மழைக்கணக்கு பிடிபட்டுவிட்டால், எங்கே மெதுவாகப் போவது, எங்கே இறங்கி நடப்பது, எங்கே விலங்கை மறந்துவிட்டு மரத்தைப் பார்ப்பது என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

உடுமலை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. சாலை கேரளத்துக்குள் நுழையும் சின்னாறு சோதனைச்சாவடி அதைவிடச் சற்றே மேலே. மறையூர் 1000 மீட்டரை ஒட்டி. அதற்கப்புறம் தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறி, இரவிகுளம் தேசியப் பூங்காவில் பயணிகளை அனுமதிக்கும் பகுதியான ராஜமலையில் 2000 மீட்டர் பக்கம் போய்விடுகிறோம். அங்கே தலைக்கு மேல் நிற்கும் ஆனைமுடியின் உயரம் 2695 மீட்டர். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. காலையில் உடுமலை பேருந்து நிலையத்தில் டீ குடித்தவர் மதியத்துக்குள் ஆனைமுடியின் அடிவாரப் புல்வெளியில் நிற்கலாம். இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தில் அவர் கள்ளிக்காடு, ஆற்றங்கரைக் காடு, சந்தனக் காடு, சோலை எனப்படும் குளிர்மலைப் பசுமைக்காடு, புல்வெளி என்று ஐந்தாறு உலகங்களைக் கடந்திருப்பார். பலர் அதைத் தூங்கிக்கொண்டே கடக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. குறுக்கே மலை நிற்பதால் மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. அதனால் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மூணாறு, ராஜமலைப் பக்கம் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. இறங்க இறங்கச் சூடேறி இன்னும் வறண்டுபோகிறது. சின்னாறில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் சொச்சம்தான். அதிலும் பெரும்பகுதி அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தில் வருவது. நேர்கோட்டில் பார்த்தால் இரண்டு இடத்துக்கும் நடுவே 30 கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். மூணாறில் குடையை மடக்க முடியாத ஜூலை மாதத்தில் சின்னாறில் புழுதி பறக்கும்.

உடுமலைக்காரர்களுக்கு இந்தக் காற்று வேறு விதத்தில் பழக்கம். அதே பருவக்காற்றின் ஒரு பகுதி பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே புகுந்து, உடுமலை வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. ஆடி மாதம் இங்கே காற்றாடி நிற்காமல் சுற்றினால் மலைக்கு மேலே நல்ல மழை என்று வைத்துக்கொள்ளலாம்.

மழையைத் தராத மலை, ஆற்றைத் தருகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே திரும்புபவை கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றுதான். பாம்பாறு ஆனைமுடியைச் சுற்றியுள்ள உயரங்களில் ஊறி, மறையூர்ப் பள்ளத்தாக்கு வழியாக வந்து, தூவானம் அருவியாக விழுந்து, சின்னாறோடு சேர்ந்து, 1957-இல் கட்டிய அமராவதி அணைக்குள் போகிறது. அப்புறம் தாராபுரம், கரூர், காவிரி. தாராபுரத்து நெல்வயலுக்குப் பாயும் தண்ணீரில் ஒரு பங்கு வரையாடு மேயும் புல்வெளியில் பெய்த மழை. இரவிகுளத்தில் உள்ள ஒரு மேட்டின் ஒரு பக்கம் விழும் துளி பெரியாற்றோடு அரபிக்கடலுக்கும், மறுபக்கம் விழும் துளி காவிரியோடு வங்கக்கடலுக்கும் போகும்.

சின்னாறு: அவசரமாகத் தாண்டப்படும் காடு

மூணாறு போகும் அவசரத்தில் இருப்பவர்களுக்குச் சின்னாறு என்றால் சோதனைச்சாவடி மட்டுமே. இரண்டு மாநிலத்து வனத்துறைக்காரர்களும் வண்டியைப் பார்ப்பார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். என் கணக்கில் இந்தச் சாலையின் நல்ல காடு இதுதான். 90 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னாறு வனவிலங்கு சரணாலயம் 1984-இல் அறிவிக்கப்பட்டது. ஒட்டினாற்போல் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். பெயர்ப்பலகைதான் இரண்டு; யானைக்கும் காட்டுமாட்டுக்கும் அது ஒரே மேய்ச்சல் நிலம்.

வெப்பமண்டலக் காடு என்றதும் மரங்கள் வானத்தை மூடிய, கொடிகள் தொங்கும் மழைக்காடு மனதில் வருகிறது. அந்தக் காட்டில் பெரிய விலங்கைப் பார்ப்பது கஷ்டம். காரணம் எளிது. மழைக்காட்டில் வெயில் முழுவதையும் மேலே உள்ள கிளைகள் வாங்கிக்கொள்கின்றன. இலை, பூ, பழம் எல்லாம் 30 மீட்டர் உயரத்தில். தரையில் வெளிச்சம் இல்லை, அதனால் புல்லும் இல்லை. புல் இல்லாத இடத்தில் புள்ளிமான் கூட்டத்துக்கு என்ன வேலை? குரங்கு, அணில், இருவாச்சி எல்லாம் மேலே இருக்கும். நாம் கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். வறண்ட காட்டில் கதை வேறு. மரங்கள் குட்டை, இடைவெளி அதிகம், கோடையில் இலையும் உதிர்ந்துவிடும். வெளிச்சம் தரைவரை இறங்குவதால் புல் வளர்கிறது. புல்லைத் தேடிப் புள்ளிமான், கடமான், காட்டுமாடு, யானை. அவற்றைத் தேடிச் சிறுத்தையும் செந்நாயும். பார்வைக்கு ஏழையாகத் தெரியும் முள்காட்டில்தான் கண்ணில் படும் விலங்கு அதிகம்.

கோடையில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பிப்ரவரிக்கு மேல் ஓடைகள் வற்றியதும் தண்ணீருக்கு மிஞ்சுவது சின்னாறும் பாம்பாறும்தான். நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும் யானை ஆற்றைவிட்டு அதிக தூரம் போக முடியாது. சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் உள்ள காவல்கோபுரத்தில் காலையிலோ மாலையிலோ பொறுமையாக உட்காரும் ஆளுக்கு ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். நடுப்பகலில் போய் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லை" என்று இறங்குவது வீண். அந்த வெயிலில் யானையும் நிழலில்தான் நிற்கும்.

ஆனால் சின்னாறின் தனிச்சிறப்பு யானை கிடையாது. அதற்கு ஆற்றங்கரைக்கு இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் கள்ளியும் உசிலும் முள்மரமுமாகக் காய்ந்து கிடக்க, நடுவில் ஆறு ஓடும் தடத்தில் மட்டும் மருதமும் புங்கமும் நாவலும் மாவும் புளியும் வளர்ந்து நிற்கின்றன. வறண்ட புடவைக்குப் போட்ட பச்சைக் கரைபோல ஒரு மெல்லிய பட்டை. சில இடங்களில் கல்லெறிந்தால் அதைத் தாண்டி விழுந்துவிடும். சாம்பல் மலையணிலுக்கு அந்தப் பட்டைதான் உலகம்.

உலகத்தில் இந்த அணில் இலங்கையிலும் தென்னிந்தியாவில் சில இடங்களிலும் மட்டுமே இருக்கிறது. நமக்குத் தெரிந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம். கேரளத்தில் இதைப் பார்க்கச் சின்னாறுக்குத்தான் வரவேண்டும். வீட்டு அணிலைப்போல முதுகில் கோடு கிடையாது. உடல் பூனை அளவு, அதே நீளத்துக்கு வால், சாம்பல் நிறத்தின் மேல் நரை தூவியதுபோல வெண்மை. வழிகாட்டியாக வரும் அண்ணன் நின்று, கையை மெதுவாக உயர்த்தி, "அங்க பாருங்க சார், கூடு" என்பார். நமக்கு முதலில் தெரிவது காக்காக் கூட்டைவிடப் பெரிய இலைக்குவியல்தான். கிளைகள் ஒன்றோடொன்று தொடும் இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கும். ஆபத்து என்றால் எந்தப் பக்கமும் தாவி ஓடலாம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால், தலைகீழாகப் பின்னங்காலால் கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இரண்டு முன்கையாலும் காயை உருட்டி உருட்டித் தின்னும் காட்சி கிடைக்கும். கீழே விழுந்து கிடக்கும் தோலையும் கொட்டையையும் பார்த்தே எந்த மரத்தில் இருக்கிறது என்று அந்த அண்ணன்மார் சொல்லிவிடுவார்கள். தரைக்கு இறங்குவது அபூர்வம். அதனால் ஆற்றங்கரையில் மரங்களின் தொடர்ச்சி ஓரிடத்தில் அறுந்தால் இந்த அணிலின் வழியே அறுந்துபோகும். கரையோரத்து மரம் ஒன்று சாய்ந்தால் நமக்கு அது விறகு. அதற்குப் பாலம் போன கணக்கு.

மலை ஏறி ஈரக்காட்டுக்குப் போனால் இதே இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு மலையணில்: அரக்கும் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பளிச்சென்று இருக்கும் மலபார் மலையணில். மந்திகளும் இப்படித்தான். சின்னாறில் சாலையோரம் உட்கார்ந்திருக்கும் கறுப்பு முகச் சாம்பல் மந்தி, முற்றிய இலை, காய், புளி எது கிடைத்தாலும் சமாளிக்கும்; கீழே இறங்கி நடக்கவும் தயங்காது. மேலே சோலைக்குள் இருப்பது கருமந்தி. உடம்பெல்லாம் கறுப்பு, தலைமயிர் மட்டும் பழுப்பு. ஆண்டு முழுக்கத் தளிர் கிடைக்கும் பசுமைக் காட்டைவிட்டு அதிகம் வெளியே வராது. இரண்டுக்கும் அறைகள் பிரிந்த இரைப்பை. அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் இலையைச் செரிக்க வைக்கின்றன. கருங்குரங்கு லேகியம் என்ற மூடநம்பிக்கை இந்தக் கருமந்தியைத்தான் ஒரு காலத்தில் காட்டுக்குக் காடு துடைத்தெடுத்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகுதான் மூச்சுவிட்டது.

வண்டியில் போகும்போது சாலையோர மந்தி எந்த நிறம் என்று பார்த்துக்கொண்டே வந்தால் போதும், நாம் மழையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

பறவை பார்ப்பவர்கள் சின்னாறுக்கு வருவது முக்கியமாக மஞ்சள்தொண்டைச் சின்னானுக்காக. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுப் புதர்களில் மட்டும் வாழும் பறவை அது. கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட நட்சத்திர ஆமைகளைப் பழக்கிக் காட்டில் விட்டதும் இங்கேதான். அதற்கு வேண்டிய வறட்சி கேரளத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

சின்னாறுக்குள் நடப்பதென்றால் வழிகாட்டி இல்லாமல் முடியாது. வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்தக் காட்டுக்குள்ளேயே குடி எனப்படும் சிற்றூர்களில் வாழும் முதுவர்களும் மலைப்புலையர்களும். மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது முதுவர்கள் சொல்லும் கதை. அவர்கள் பேச்சு நமக்குப் புரியும்; நம் பேச்சு அவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். யானை லத்தி ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, ஒடிந்த கிளையில் பால் வடிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நாம் யானையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருப்போம். அவர்கள் வேலை யானையைச் சந்திக்காமல் நம்மைத் திரும்பக் கூட்டி வருவது. இந்த முரணைப் புரிந்துகொண்டு, அவர் நில் என்றால் நிற்பதும் திரும்பு என்றால் திரும்புவதும் நல்லது.

மறையூர், தேயிலை

மறையூரில் இயற்கையாக வளரும் சந்தனக் காடு கம்பி வேலிக்குள் இருக்கிறது. சந்தனம் பக்கத்துச் செடிகளின் வேரிலிருந்து பாதி உணவை உறிஞ்சும் மரம், அதனால் தனியாக நட்டு வளர்த்தால் சரியாக வராது. வேலிக்குப் பின்னால் காட்டுமாடுகள் மேய்வதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மறையூர், காந்தளூர் உள்ளிட்ட ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். தமிழ்தான் வீட்டுப் பேச்சு. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் எந்தப் பக்கம் என்று பெரிய போராட்டம் நடந்து, கடைசியில் கேரளத்தோடு நின்றது பழைய கதை. புவிசார் குறியீடு வாங்கிய மறையூர்ச் சர்க்கரை காய்ச்சும் ஆலைகள் சாலையோரம் இருக்கின்றன. நிறுத்தி ஒரு உருண்டை வாங்காமல் போவது தவறு.

மறையூரைத் தாண்டி ஏறினால் தேயிலை. கண்ணுக்குக் குளிர்ச்சி, காட்டு விலங்குக்கு அதில் சாப்பிட ஒன்றும் கிடையாது. யானை தேயிலை தின்னாது. தோட்டத்துக்கு நடுவே மிச்சமிருக்கும் சோலைத் துண்டுகளுக்கும் ஓடைகளுக்கும் போகும் வழியாகத்தான் தேயிலைக்குள் வருகிறது. அந்த வழியில் லயங்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ரேஷன் கடையும் இருந்தால் பிரச்சினை. சுற்றுலா வந்தவர்கள் காரிலிருந்து படம் எடுக்கும் அதே யானை, விடியற்காலை கொழுந்து பறிக்கக் கிளம்பும் தொழிலாளிக்கு உயிர்பயம்.

இரவிகுளம்: மரம் ஏன் ஏறவில்லை?

இரவிகுளம் தேசியப் பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தோட்டத் துரைமார் வேட்டைக்காக ஒதுக்கி வைத்திருந்த நிலம் இது. காவலுக்கு முதுவர்களை வைத்திருந்தார்கள். 1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டம் கொண்டுவந்தது. 1975-இல் இது சரணாலயம் ஆனது, 1978-இல் தேசியப் பூங்கா. வேட்டைக்காக ஒதுக்கியதால்தான் தேயிலை இங்கே ஏறாமல் தப்பியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். துரைமார் அந்த நல்ல எண்ணத்தில் செய்யவில்லை என்றாலும். ஓடைகளில் மீன்பிடித்து விளையாடுவதற்காக வெளிநாட்டு டிரவுட் மீனையும் விட்டார்கள்.

ராஜமலைக்கு முதல் தடவை போகிறவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் ஏன் மலை முழுக்கக் காடாக இல்லை? எங்கு பார்த்தாலும் புல். மலைச்சரிவுகள் மடங்கும் பள்ளங்களில் மட்டும் கரும்பச்சையாகச் சோலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோலை முடிந்த கையோடு, நடுவில் புதர்கூட இல்லாமல், புல் ஆரம்பிக்கிறது.

இதற்குக் குளிர் ஒரு முக்கியக் காரணம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வானம் தெளிந்திருக்கும்போது திறந்த புல்வெளியின் சூடு வேகமாக வெளியேறி, காலையில் உறைபனி படிந்து கிடக்கும். சோலை மரங்களின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் நாற்று அந்தப் பனியில் கருகிவிடும். சோலைக்குள் கூரை மூடியிருப்பதால் அவ்வளவு குளிர் இறங்காது, மண்ணிலும் ஈரம் நிற்கும். கோடைத் தீயும் இதையே செய்கிறது: புல் எரிந்து அடுத்த மழையில் துளிர்க்கும், மரக்கன்று எரிந்தால் போயிற்று. காற்றும் மெல்லிய மண்ணும் சேர்ந்துகொள்கின்றன. மனிதர்கள் காட்டை அழித்ததால் வந்த புல் என்று முன்பு ஒரு கருத்து இருந்தது. நீலகிரியில் இதேபோன்ற மேட்டு நிலத்துச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மண்ணை ஆராய்ந்ததில், கடைசிப் பனியுகத்தின் வறண்ட காலத்திலேயே, ஏறக்குறைய 20,000 ஆண்டுக்கு முன், அங்கே புல்வெளி பரந்து கிடந்தது தெரியவந்தது. நாம் வெறும் புல் என்று நினைப்பது மிகப் பழைய நிலம். மூணாறைச் சுற்றி இப்படிப்பட்ட புல்வெளிகளில் யூகலிப்டஸையும் சீகை (வாட்டில்) மரத்தையும் நட்டு நிரப்பியபோது, தரிசைக் காடாக்குகிறோம் என்று நினைத்துத்தான் நட்டார்கள்.

இந்தப் புல்லை நம்பித்தான் வரையாடு வாழ்கிறது. தென்னிந்தியாவில் இருக்கும் ஒரே மலை ஆட்டினம் இதுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுதான். இமயமலையிலும் அரேபியாவிலும் இருக்கும் தார் ஆடுகளோடு சேர்த்து ஒரே பேரினமாக வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வில் இது வெள்ளாட்டு இனங்களைவிடச் செம்மறி இனங்களுக்கு நெருக்கம் என்று தெரிந்ததால், 2005-இல் இதற்குத் தனிப் பேரினமே கொடுத்துவிட்டார்கள். கேரளம், தமிழ்நாடு இரண்டையும் சேர்த்தாலும் மொத்தம் 3000-ஐ எட்டாது. அதில் கால்வாசிக்கு மேல் இரவிகுளத்தில். 2025 ஏப்ரலில் இரண்டு மாநிலமும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தன. எல்லையோரத்து ஆட்டை இரண்டு பக்கமும் எண்ணிவிடக் கூடாது என்றால் அதுதான் வழி.

ராஜமலையில் சாலையோரமாகவே வந்து நிற்கும். அருகில் பார்த்தால் பெட்டை வெளிர்சாம்பல், கிடாய் கரும்பழுப்பு. வயதான கிடாயின் முதுகில் சேணம் போட்டதுபோல வெள்ளித் திட்டு. இரண்டுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்பு. குளம்பின் ஓரம் கடினம், நடுப்பகுதி மெத்தென்று ரப்பர் மாதிரி. ஈரப் பாறையிலும் வழுக்காமல் நிற்பது அதனால்தான். புல்வெளியில் மேய்ந்தாலும் செங்குத்துப் பாறையைவிட்டு அதிக தூரம் விலகாது. செந்நாயோ சிறுத்தையோ வந்தால் ஒரே ஓட்டத்தில் பாறைக்குப் போய்விட வேண்டும். அங்கே எதுவும் பின்தொடர முடியாது. ஆபத்து கீழிருந்து வரும் என்பதே அதன் பழக்கம். அதனால் கூட்டத்தில் ஒன்றிரண்டு எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு எச்சரிக்கையான விலங்கு ராஜமலையில் மட்டும் ஏன் நம் செருப்பை முகரும் தூரத்துக்கு வருகிறது? வேட்டை நின்று பல தலைமுறை ஆகிவிட்டது. உப்புக் கொடுத்துப் பழக்கிய காலமும் உண்டு. அது ஏதோ வளர்ப்பு ஆடு என்று நினைத்துத் தொடுகிறவர்களும் பிஸ்கட் நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தொட்டால் வழக்கு. பூங்காவின் உட்பகுதியில் இருக்கும் கூட்டங்கள் மனிதனைக் கண்டால் பாறைக்குப் பறந்துவிடும். அதுதான் வரையாட்டின் சரியான குணம்.

இதன் ஆண்டுக் கணக்கும் மழையோடு ஒட்டியது. கிடாய்கள் மோதிக்கொள்வதும் இணைசேர்வதும் தென்மேற்குப் பருவ மழையில். ஆறு மாதச் சினைக்குப் பிறகு ஜனவரி, பிப்ரவரியில் குட்டி. அடுத்து வரும் கோடை மழையில் துளிர்க்கும் இளம்புல் தாய்க்கும் பால்மறக்கும் குட்டிக்கும் உணவு. கோடைக்கு முன் வனத்துறை முதுவர்களின் உதவியோடு புல்வெளியைத் துண்டு துண்டாக அளவோடு எரிப்பதும் இந்தத் துளிருக்காகத்தான். பெருந்தீ பரவாமல் தடுக்கவும் அது உதவுகிறது. குட்டி ஈனும் காலம் என்பதால் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவைப் பயணிகளுக்கு மூடிவிடுவார்கள்.

குறிஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, விதைத்து, செத்துப்போகும் செடி. எல்லாம் ஒரே நேரத்தில் விதைத்தால் தின்கிறவை தின்றதுபோக மிச்சம் நிறைய இருக்கும். 2006-இல் பூத்தது. 2018-இல் பூத்தபோது ஆகஸ்ட் வெள்ளம் வந்து சாலையெல்லாம் அறுந்து, பார்க்க வந்தவர்கள் பாதிக்கு மேல் திரும்பிப் போனார்கள். அடுத்தது 2030. எனக்கு அதைவிட ஆச்சரியம் ஆனைமுடி உச்சியில் இருக்கும் ஒரு தவளை. செம்மஞ்சள் நிறம், முதுகு முழுக்கப் புடைத்த சுரப்பிகள், குட்டைக் கால், கட்டைவிரல் அளவு. 2010-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. இரவிகுளத்தின் உயரங்களைத் தவிர வேறெங்கும் அது காணப்படவில்லை. புல்திட்டின் அடி ஈரத்தில் வாழ்கிறது. உச்சிக்குப் பயணிகளை விடுவதில்லை. அந்தத் தவளைக்கு அது நல்லது.

மழையின் இன்னொரு முகமும் இங்கேதான். ராஜமலைக்கு அப்பால் உள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம் வேர் உள்ளவர்கள் அதில் பலர். 1924 பெருவெள்ளத்தில் மூணாறின் ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது, பிறகு அந்த ரயில் வரவே இல்லை. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் என்று எழுதுவது சுலபம். அந்தச் சரிவில் வீடு கட்டித் தந்த இடத்தில் குடியிருப்பவர்களுக்கு அது வெறும் புள்ளிவிவரம் இல்லை.

எப்போது, எப்படி

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ராஜமலையில் பெரும்பாலும் மூடுபனிதான் பார்க்கலாம். அட்டையும் மழையும் பிடிக்கும் என்றால் சோலை ஓரங்களில் தவளைச் சத்தம் கேட்கலாம். செப்டம்பர் முடிந்து வானம் தெளியும்போது புல்வெளி பச்சையாக இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை சின்னாறும் பச்சை. பார்க்க அழகு, விலங்கு தெரிவது கொஞ்சம் குறைவு. பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் மூடியிருக்கும். கேட்டில் போய் நின்று ஏமாந்து திரும்புகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அதே மாதங்களில்தான் சின்னாறில் இலை உதிர்ந்து, தண்ணீர் சுருங்கி, விலங்கு நன்றாகத் தெரியும் என்பது அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

ராஜமலைக்குச் சொந்த வண்டி போகாது. அஞ்சாம் மைலில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் போகவேண்டும். விடுமுறை நாளில் வரிசை நீளும், முன்பதிவு செய்துகொள்வது உத்தமம். சின்னாறு வழியில் காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. யானை சாலையில் நின்றால் ஹார்ன் அடிக்காமல், விளக்கை ஏற்றி இறக்காமல், பின்னால் நிறைய இடம் விட்டுக் காத்திருப்பது ஒன்றே வழி. பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர் செய்வதைப் பார்த்துச் செய்தாலே போதும்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு மூணாறிலிருந்து வட்டவடை போகும் பாதையில் பாம்பாடும் சோலை இருக்கிறது. 2003-இல் தேசியப் பூங்காவானது. ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை, கேரளத்திலேயே சிறியது. சோலைக் காட்டை உள்ளிருந்து பார்க்க ராஜமலையைவிட அதுதான் சரியான இடம். ராஜமலையில் சோலை தூரத்தில்தான் தெரியும்.

பெரும்பாலானோர் மூணாறில் தங்கி, சின்னாறை உச்சிவெயிலில் தாண்டுகிறார்கள். நான் சொல்வது மறுதலை. விடிவதற்கு முன் உடுமலையிலிருந்து கிளம்பிச் சின்னாறில் காலை நடை, மாலையில் காவல்கோபுரம், இரவு மறையூரில். அங்கிருந்து அஞ்சாம் மைலுக்கு ஒரு மணி நேரப் பயணம். மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்துவிட்டால், பத்து மணிக்குப் பனி ஏறுவதற்குள் வரையாட்டையும் ஆனைமுடியையும் பார்த்துவிடலாம்.